கேமரா வாங்குவது கடைசி வேலை: முப்பதுக்கு நாற்பது வீட்டில் சிசிடிவி பொருத்தும் முறை

பெங்களூரு அல்சூரில் ஒரு வீடு. முப்பதுக்கு நாற்பது அடி மனை, கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே மூன்று தளம், நான்கு கேமரா. ஒரு விடியற்காலையில் ஸ்கூட்டர் காணாமல் போய்விட்டது. பதிவை ஓட்டிப் பார்க்க, கேமரா பொருத்தும் தொழிலில் இருக்கும் என்னை அழைத்தார்கள். ஒருவன் கேட்டைத் திறக்கிறான், பூட்டை நெம்புகிறான், வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான். எல்லாம் தெரிகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. போதாக்குறைக்குத் திரை மூலையில் ஓடிய தேதி 2000-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தைக் காட்டியது.

அந்தக் கேமராக்களில் ஒன்றும் பழுதில்லை. தள்ளுபடியில் கிடைத்தது என்று பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, எங்கே மாட்டலாம் என்று பிறகு யோசித்திருக்கிறார்கள். நான் பார்த்த தவறுகளில் பாதிக்குமேல் இந்த ஒரு வரிசைப் பிழையிலிருந்து பிறந்தவை. ஆகவே கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யுங்கள். வீட்டுக்கும் சிறு கடைக்கும் இது பொருந்தும். பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வேறு கணக்கு.

1. முதலில் ஒரு தாளும் பேனாவும்

"வீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும்" என்பதை வைத்துக்கொண்டு கேமரா தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வி எழுதுங்கள். "கேட்டுக்குள் வந்தவர் யார்?" "வண்டியை எடுத்தது யார்?" "மாடிக் கதவு திறந்ததா?" "கல்லாப்பெட்டியில் எத்தனை ரூபாய்த் தாள் வைக்கப்பட்டது?"

இவை ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. கதவு திறந்ததா என்று தெரிய அகலமான படம் போதும். வந்தவர் யார் என்று தெரிய முகம் நெருக்கமாக விழ வேண்டும். ஒரே கேமராவால் இரண்டையும் செய்ய முயன்றால் இரண்டும் அரைகுறையாகும். தாளில் ஐந்து கேள்வி இருந்து கையில் மூன்று கேமராவுக்குத்தான் பணம் இருந்தால், இரண்டு கேள்விகளை அடித்துவிடுங்கள். ஐந்தையும் மூன்றுக்குள் திணிக்காதீர்கள்.

யாருடைய படம் விழக்கூடாது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். வீட்டின் உரிமையாளர் ஓர் அம்மா ஒருமுறை கேட்டார்: "தம்பி, இரண்டாம் மாடியில் குடியிருக்கும் பெண்கள் யாரை அழைத்து வருகிறார்கள் என்று தெரிய வேண்டும். அவர்கள் கதவுக்கு நேராக ஒன்று மாட்டிவிடு." நான், "அம்மா, கேட்டுக்கு மாட்டுகிறேன், படிக்கட்டின் அடிக்கு மாட்டுகிறேன். அவர்கள் கதவுக்கு மாட்ட மாட்டேன்" என்றேன். கோபித்துக்கொண்டார், ஆனாலும் வேலை கொடுத்தார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாடகைக்கு விட்ட வீட்டின் வாசலை உள்வரைக்கும் பார்க்கும் கேமரா பற்றிப் புகார் போலீசுக்குப் போனால் வீட்டு உரிமையாளருக்குத்தான் வம்பு. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் இதுவே பொருந்தும்.

2. பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை நடந்து பாருங்கள்

மொபைல் கேமராவை எடுத்துக்கொண்டு, கேமரா வரப்போகும் இடங்களில் ஏணி போட்டு ஏறி ஒரு படம் எடுங்கள். காலை ஒன்பது மணிக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று, இரவு பதினொன்றுக்கு ஒன்று.

காலைப் படத்தில் கேட்டுக்கு வெளியே வெயில் கொட்டும், உள்ளே நிழல் அடைந்திருக்கும். அந்த இடத்தில் சாதாரணக் கேமராவுக்கு வருபவர் கறுத்த உருவமாகத்தான் தெரிவார். வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் டபிள்யூடிஆர் வசதி அங்கே தேவை. மென்பொருளால் ஒப்பேற்றும் டிடபிள்யூடிஆர் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது வேறு சரக்கு, பலன் குறைவு.

இரவுப் படத்தில் தெருவிளக்கு எங்கே இருக்கிறது, எதிர்வீட்டு வாசல் விளக்கு எங்கே அடிக்கிறது, திரும்பும் வண்டியின் முகப்பு விளக்கு எங்கே விழுகிறது என்று பாருங்கள். விளக்கைப் பார்த்தபடி கேமரா வைத்தால் இரவு முழுவதும் அதற்குக் கண் கூசும்.

3. லென்ஸ் கணக்கு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு முகம் தெரியாத படத்தைப் பார்க்கிறார்கள். பொறுமையாகப் படியுங்கள், ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும்தான்.

ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலை, படத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல், அதாவது படப்புள்ளி, விழுகிறது என்பதை அளவுகோலாக வைக்கிறது. அதன் 2014 பதிப்பின்படி, ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று அறிய 25, ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125, முன்பின் தெரியாதவரை அடையாளம் காட்ட 250.

2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 1920-ஐ 250-ஆல் வகுத்தால் 7.68. அதாவது, கேமரா பார்க்கும் காட்சியின் அகலம் ஏழரை மீட்டரைத் தாண்டினால் அந்நியரின் முகத்தை அடையாளம் காட்ட அந்தப் படம் உதவாது.

காட்சியின் அகலத்தை லென்ஸ் தீர்மானிக்கிறது. கடையில் பேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பது 2.8 மி.மீ. லென்ஸ். அது நூறு டிகிரிக்குச் சற்று அதிகமாக விரிந்து பார்க்கும். தூரத்தை 2.6-ஆல் பெருக்கினால் காட்சியின் அகலம் வரும். எனவே சுமார் 3 மீட்டர், அதாவது பத்தடி வரைதான் அதனால் அந்நிய முகம் பிடிக்க முடியும். 4 மி.மீ. என்றால் சுமார் 4 மீட்டர். 6 மி.மீ. லென்சில் காட்சியின் அகலம் ஏறக்குறைய தூரத்துக்குச் சமம், ஆகவே ஏழு மீட்டரைத் தாண்டியும் முகம் கிடைக்கும். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரைப் பொறுத்து இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகும். விவரத் தாளில் கிடைமட்டக் கோணம் என்று போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முப்பதுக்கு நாற்பது வீட்டுக்கு வாருங்கள். வண்டி நிறுத்துமிடத்தின் பின்சுவரில் கேமரா. அங்கிருந்து கேட் இருபதடி, சுமார் 6 மீட்டர். 2.8 லென்ஸ் போட்டால் காட்சி 15.6 மீட்டர் அகலம். மீட்டருக்கு 123 பிக்சல். மனித முகம் சுமார் 16 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்தால், அந்த முகத்துக்குக் கிடைப்பது 20 பிக்சல். அதே இடத்தில் 6 மி.மீ. போட்டால் முகத்துக்கு 50 பிக்சல். விலை ஒன்று, கேமரா ஒன்று, மாறியது கண்ணாடி மட்டும்.

"8 மெகாபிக்சல் வாங்கிவிட்டால் போதாதா?" என்று கேட்பார்கள். பகலில் உதவும். ஆனால் அதே அளவு சென்சாரில் நான்கு மடங்கு பிக்சலை நெருக்கினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி குறைகிறது, இரவுப் படம் புள்ளி புள்ளியாகிறது. திருடன் பகலில் வருவதாக இருந்தால் 8 வாங்குங்கள். என் கணக்கில் வீட்டுக்கு, சரியான லென்ஸ் போட்ட 2 அல்லது 4 மெகாபிக்சல் போதும்.

நான் வழக்கமாகச் செய்வது இது: கேட்டுக்கு 6 மி.மீ. ஒன்று, முகத்துக்காக. வண்டி நிறுத்துமிடத்துக்கு 2.8 ஒன்று, என்ன நடந்தது என்பதற்காக. மாடிப்படி அடியில் 4 மி.மீ. ஒன்று. மொட்டைமாடிக் கதவுக்கு 2.8 ஒன்று.

4. அனலாக்கா, ஐபியா

கேபிள் டிவிக்கு வருவதுபோன்ற பழைய கோஆக்சியல் கேபிள் சுவருக்குள் நல்ல நிலையில் இருந்தால் எச்டி அனலாக் கேமராவும் அதன் பதிவுப் பெட்டியான டிவிஆரும். புதிதாகக் கேபிள் இழுப்பதாக இருந்தால், கணினி நெட்வொர்க்கில் ஓடும் ஐபி கேமராவும் அதன் பதிவுப் பெட்டியான என்விஆரும். இவ்வளவுதான் என் முடிவு.

காரணம் சுருக்கமாக: ஐபியில் ஒரே கேட்-6 நெட்வொர்க் கேபிளில் படமும் மின்சாரமும் போகும். இதை பிஓஇ என்பார்கள். கேமராவுக்குக் கேமரா அடாப்டர் தேடி அலைய வேண்டாம். எல்லை ஒன்று உண்டு: கேபிள் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. முப்பதுக்கு நாற்பது வீட்டில் அந்தக் கவலை இல்லை.

வைஃபை கேமராவை வாடகை வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் மின்சாரக் கம்பி தேவை என்பதைப் பலர் வாங்கி வந்த பிறகுதான் கவனிக்கிறார்கள். தடித்த சுவர் இரண்டைத் தாண்டினால் சிக்னல் தடுமாறும். சொந்த வீட்டில் கேபிளே போடுங்கள்.

5. எத்தனை நாள் பதிவு வேண்டும்

ஒரு 2 மெகாபிக்சல் கேமரா, எச்.265 என்ற படச்சுருக்க முறையில் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86.4 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் பதினோரு நாள். 4 டிபி டிஸ்க்கில் நாற்பத்தைந்து நாளுக்கு மேல்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் கழித்து வருகிற வீடுகள் இங்கே எத்தனை! திரும்பி வந்து பூட்டைப் பார்க்கும்போது, தேவைப்பட்ட நாள் அழிந்து அதன்மேல் புதுப் பதிவு ஏறியிருக்கும். முப்பது நாளுக்குக் குறையாமல் திட்டமிடுங்கள். மக்கள் பெருமளவில் கூடும் கடைகளும் நிறுவனங்களும் கர்நாடகத்தின் 2017-ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவை 30 நாள் வைத்திருக்க வேண்டும்.

டிஸ்க் கண்காணிப்புக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கட்டும். பழைய கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கைப் போட்டுப் பணம் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அது இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. செத்துப்போனதும் உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் திரையில் நேரலைப் படம் வந்துகொண்டே இருக்கும்.

6. இப்போது கடைக்குப் போகலாம்

எஸ்.பி. ரோட்டில், சாதர் பத்ரப்பா சாலை என்ற முழுப்பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை, நூறு கடை இருக்கும். தாளில் எழுதியதைக் காட்டி, "6 மி.மீ. லென்ஸ்" என்று குறிப்பாகக் கேளுங்கள். கடைக்காரர், "எல்லாம் ஒன்றுதான் சார், 2.8 அகலமாகத் தெரியும்" என்பார். அடுத்த கடைக்கு நடங்கள்.

கேமராவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புத் தேவைகளை அறிவித்தது. 2025 ஏப்ரல் 9 முதல் அவை கட்டாயம். எண் இல்லாத பெயரறியாப் பெட்டியின் விலை குறைவாக இருக்கும். அதற்கு மென்பொருள் புதுப்பிப்பு என்ற ஒன்று வரவே வராது.

கேபிளில் ஏமாறாதீர்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பியைச் செம்புக் கம்பி என்று விற்கிறார்கள். கடையிலேயே நுனியைச் சீவிக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். பெட்டியைத் தூக்கினாலும் தெரியும், 305 மீட்டர் முழுச் செம்புக் கேபிள் கையை இழுக்கும். பிஓஇ மின்சாரத்தைச் சுமக்கும்போது அலுமினியத்தில் மின்தடை கூடுகிறது, மின்னழுத்தம் வழியிலேயே தேய்கிறது.

பட்டியல்: கேமராக்கள், பதிவுப் பெட்டி, டிஸ்க், கேட்-6, கேபிள் நுனியில் மாட்டும் ஆர்ஜே-45 முனைகள் தேவைக்கு இரு மடங்கு (கெடுப்பீர்கள்), ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ், பைப், முனையை அழுத்தி மாட்டும் கிரிம்பிங் கருவி, கேபிள் சோதிப்பான், மல்டிமீட்டர், சிறு யுபிஎஸ். ஜங்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். அதை 9-ஆம் படியில் பார்ப்போம்.

7. சுவரில் துளை போடும் முன் மேசைமேல் ஓட்டுங்கள்

எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி, இரண்டடிக் கேபிளில் இணைத்து, ஒரு இரவு முழுவதும் ஓடவிடுங்கள். டிஸ்க் பதிவாகிறதா, நான்கும் தெரிகிறதா, மொபைலில் வருகிறதா என்று பாருங்கள்.

ஏணிமேல் நின்றுகொண்டு ஒரு கேமரா வரவில்லை என்றால், கேமராவா, கேபிளா, முனையா, அமைப்பா என்று நான்கு சந்தேகம். மேசைமேல் ஓடியது சுவரில் ஓடவில்லை என்றால் ஒரே சந்தேகம்: கேபிள். வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு இந்த ஒரு இரவைக் காத்திருக்கப் பொறுமை இருப்பதில்லை. பிறகு மூன்று நாள் ஏணியில் செலவழிக்கிறார்கள்.

பதிவுப் பெட்டியின் கடவுச்சொல்லையும் இங்கேயே மாற்றுங்கள். பிறகு என்று தள்ளினால் அது பிறகும் நடக்காது.

8. கேபிள் இழுத்தல்

கேமராவுக்குக் கேமரா தனிக் கேபிள், எல்லாம் பதிவுப் பெட்டியில் சேர வேண்டும். நடுவில் முறுக்கி ஒட்டுப் போடாதீர்கள். ஒட்டு இன்று ஓடும், அடுத்த மழைக்காலத்தில் பச்சை பிடிக்கும்.

வீட்டு மின்கம்பி போகும் பைப்புக்குள்ளேயே கேமரா கேபிளையும் நுழைக்கும் ஆசை வரும். வேண்டாம். படத்தில் கோடு ஓடும் என்பது சிறிய காரணம். 230 வோல்ட் கம்பியின் உறை எங்கேயாவது உரசிப் போனால் அது கேமரா வழியாகப் பதிவுப் பெட்டிக்கு வரும் என்பது பெரிய காரணம். ஓரடி இடைவெளி விட்டுத் தனிப் பைப்பில் கொண்டு போங்கள். குறுக்கே வெட்டிப் போக நேர்ந்தால் செங்கோணத்தில் வெட்டுங்கள்.

சுவர்த் துளையை வெளிப்பக்கம் சற்றுத் தாழும்படி சாய்வாகப் போடுங்கள். கேபிள் துளைக்குள் நுழையும் முன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே ஏற வேண்டும். மழைநீர் கேபிளோடு வழிந்து வந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். வளைவு இல்லையென்றால் நேராகச் சுவருக்குள் போகும். சாய்வை மாற்றிப் போட்ட ஒரு வீட்டில் வரவேற்பறைச் சுவரில் கர்நாடக வரைபடம்போல ஈரம் படர்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைப் போட்டது நான்தான், முதல் வருடத்தில்.

இரண்டு முனையிலும் ஒன்றரை அடி கூடுதலாக விட்டு, ஒவ்வொரு முனையிலும் எண் எழுதி ஒட்டுங்கள். முனை கட்டியதும் சோதிப்பானில் எட்டுக் கம்பிக்கும் விளக்கு வரிசையாக எரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

அனலாக் போடுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 12 வோல்ட் மின்சாரம் மெல்லிய கம்பியில் நெடுந்தூரம் போனால் வழியில் குறையும். பகலில் கேமரா சமாளித்துவிடும். இருட்டியதும் கேமராவிலேயே உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளி தரும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி மின்தேவை ஏறும், கேமரா அணைந்து அணைந்து எரியும். "பகலில் நன்றாக ஓடுகிறது, இரவில் பேய் பிடிக்கிறது" என்று வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இதுதான். கேமராவின் முகத்தைக் கையால் மூடி, விளக்கு எரியும்போது, கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11-க்குக் கீழே இறங்கினால் கம்பியைத் தடிப்பாக்குங்கள் அல்லது 12 வோல்ட் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைக் கேமராவுக்கு அருகே கொண்டு வாருங்கள்.

9. கேமராவை மாட்டுதல்

கேட் கேமராவின் உயரம் எட்டிலிருந்து ஒன்பதடி. கைக்கெட்டாமல் இருக்க வேண்டும் என்று பதினைந்தடியில் மாட்டுகிறார்கள். பத்தடி தூரத்தில் நிற்பவரை ஒன்பதடி உயரத்திலிருந்து பார்த்தால் பார்வை சுமார் இருபது டிகிரி சாய்கிறது, முகம் தெரியும். பதினைந்தடியிலிருந்து பார்த்தால் நாற்பதைத் தாண்டுகிறது, உச்சந்தலை தெரியும். தொப்பி போட்டிருந்தால் தொப்பி தெரியும். யாராவது உடைத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், அந்தக் கேமராவைப் பார்க்கும்படி உயரத்தில் இன்னொன்று வையுங்கள்.

கேமராவின் உடல் ஐபி67 என்ற நீர்த்தடைத் தரத்தில் மழை தாங்கும். அதன் வாலில் தொங்கும் இணைப்பு முனை அந்தத் தரத்தில் சேர்ந்ததல்ல. அதற்காகத்தான் ஜங்ஷன் பாக்ஸ். முனையை அதற்குள் வைத்து, கேபிள் கீழ்ப்பக்கமாக நுழையும்படி மூடுங்கள். பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டுவது பையன்களின் கண்டுபிடிப்பு. அது நீரை உள்ளே விடாமல் இருப்பதைவிட, உள்ளே போன நீரை வெளியே விடாமல் இருப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டும்.

அருகில் வெள்ளைச் சுவரோ, தாழ்வாரத்தின் அடிப்பகுதியோ படத்தின் ஓரத்தில் விழக்கூடாது. இரவில் அகச்சிவப்பு ஒளி அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி, கேமரா தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். கேட் இருட்டில் மூழ்கிவிடும். அல்சூர் வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. தூரத்துக் காட்சி இருட்டாக இருந்ததால் கேமரா உணர்திறனைக் கூட்டி வைத்திருந்தது. திருடன் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்கு மூன்றடி அருகே வந்ததும் முகம் வெளுத்துப்போனது. அருகில் வரும் பொருளுக்கேற்ப ஒளியைக் குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் ஐஆர் அமைப்பு அந்தக் கேமராவிலேயே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அதோடு கேட்டருகே ஒரு சாதாரண எல்இடி விளக்கை இரவு முழுவதும் எரியவிட்டிருந்தாலே முகம் நிறத்தோடு கிடைத்திருக்கும்.

10. மின்சாரமும் இடியும்

நான்கு கேமரா, பதிவுப் பெட்டி, ரவுட்டர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு பழைய மின்விசிறியின் சுமைதான். இன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்கும். ஆனால் பல இன்வெர்ட்டர்கள் மாறும் கணத்தில் பதிவுப் பெட்டி அணைந்து மறுபடி எழும். ஒன்றிரண்டு நிமிடப் பதிவு போகும், டிஸ்க்குக்கும் நல்லதல்ல. நடுவில் கணினிக்கு வைக்கும் சிறு யுபிஎஸ் ஒன்று இருக்கட்டும். ரவுட்டரையும் அதில் சேருங்கள். இல்லையென்றால் மின்சாரம் போனதும் மொபைலில் படம் போய்விடும்.

பெங்களூரில் ஏப்ரல், மே மாத இடிமழை எத்தனை பதிவுப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர் மேசைக்கு அனுப்புகிறது என்று எஸ்.பி. ரோட்டில் கேளுங்கள். மொட்டைமாடிக் கேமராவுக்குப் போகும் கேபிளில் மின்னெழுச்சித் தடுப்பான் போட்டு நில இணைப்பு கொடுங்கள். தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தூணில் கேமராவைக் கட்டாதீர்கள். வீட்டிலிருந்து தனியாக நிற்கும் இன்னொரு கட்டிடத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் செம்பு வேண்டாம், ஃபைபர் போடுங்கள். அதில் மின்சாரம் பாயாது.

பதிவுப் பெட்டியை வரவேற்பறையில் டிவிக்கு அடியில் வைக்காதீர்கள். திருடன் முதலில் எடுப்பது அதைத்தான். காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய அலமாரி போதும்.

11. அமைப்புகள், இந்த வரிசையில்

முதலில் நேரம். நேர மண்டலத்தை +5.30 என்று வைத்து, இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் என்டிபியை இயக்குங்கள். இதை டிஸ்க்குக்கு முன்னால் செய்யக் காரணம், தவறான தேதியில் தொடங்கிய பதிவைப் பிறகு தேடி எடுப்பது தலைவலி. இணையம் இல்லாத கடையில் பெட்டிக்குள் இருக்கும் நாணய பேட்டரிதான் நேரத்தைக் காக்கும். அது தீர்ந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் தேதி பின்னால் ஓடும்.

அடுத்து மென்பொருள் புதுப்பிப்பு, பிறகு டிஸ்க் ஃபார்மட்.

பதிவு முறையில் முதல் மாதம் தொடர்பதிவு வையுங்கள். அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்பது டிஸ்க்கை மிச்சப்படுத்தும், ஆனால் அதன் உணர்திறனைச் சரிசெய்யாமல் விட்டால் தேவையான அசைவை விட்டுவிடும். டிஸ்க்கைக் கணக்குப் போட்டு வாங்கியவருக்கு அந்த மிச்சம் தேவையே இல்லை.

ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை வாங்கும் நேரமான ஷட்டரைத் தானியங்கியில் விடாதீர்கள். இருட்டில் அது நொடியில் 25-இல் ஒரு பங்கு வரை மெதுவாகிவிடும். நடக்கும் மனிதர் அதற்குள் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். பதினாறு சென்டிமீட்டர் முகத்தில் ஐந்து சென்டிமீட்டர் இழுபட்டால் என்ன மிஞ்சும்? கேட் கேமராவுக்கு நூறில் ஒரு பங்கு வைத்துப் பாருங்கள். படம் கொஞ்சம் இருளும், முகம் கூர்மையாகும். 50 ஹெர்ட்ஸ் என்ற தேர்வையும் போடுங்கள், குழல்விளக்கின் கீழ் படம் துடிக்காது.

பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதியை இயக்கி, அவர்களை அழைத்துத் திரையையும் காட்டிவிடுங்கள். அரை மணி நேரம் செலவாகும், பல வருடச் சண்டை மிச்சமாகும்.

12. மொபைலில் பார்ப்பது

தயாரிப்பாளரின் செயலியில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து சேர்ப்பது போதும். ரவுட்டரில், வெளியிலிருந்து உள்ளே வரும் வழியான போர்ட்டைத் திறந்துவிடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், அதைத் தானாகவே திறந்துவிடும் யுபிஎன்பி-யை அணைத்துவிடுங்கள். திறந்த கதவை இணையம் முழுவதும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும்தான் இணையத் தாக்குதலுக்குப் படை திரட்டியது.

நிர்வாகிக் கணக்கு உங்களிடம் மட்டும். வீட்டாருக்கு, பார்க்க மட்டும் முடிகிற கணக்கு. பொருத்தியவரின் மொபைலில் உங்கள் வீடு இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் அவர் கண்முன்னால் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, அவர் போன பிறகு மாற்றுங்கள். என்னிடமும் அப்படியே செய்யுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

13. இரவுச் சோதனை, பிறகு பணம்

பகலில் நேரலைப் படத்தைக் காட்டிப் பணம் வாங்கிப் போவது வழக்கம். மிச்சப் பணத்தை மறுநாள் தருவதாகச் சொல்லுங்கள். இரவு பதினொன்றுக்கு, வீட்டில் ஒருவர் தொப்பி அணிந்து தெருவிலிருந்து கேட்டைத் திறந்து, வழக்கமான வேகத்தில் நடந்து வண்டியருகே போய்த் திரும்பட்டும். மறுநாள் காலை அந்த நேரத்தின் பதிவைத் தேடி எடுத்து, அவரை அறியாத ஒருவரிடம் ஒரு சட்டகத்தைக் காட்டுங்கள். அவர் அந்த ஆளைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பார் என்றால் பணத்தைக் கொடுங்கள்.

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பழைய நாளின் பதிவைத் திறந்து பாருங்கள். விளக்கின் வெப்பத்துக்கும் பூச்சிக்கும் ஆசைப்பட்டு சிலந்தி லென்சின் முன்னால்தான் வலை கட்டும். நீண்ட கம்பில் துணி கட்டித் துடைத்துவிடுங்கள்.

14. சம்பவம் நடந்துவிட்டால்

பழைய பதிவின்மேல் புதியது ஏறும் முன், அன்றே பிரதி எடுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து, எல்லாக் கேமராவிலிருந்தும். திரையை மொபைலில் படம்பிடித்து அனுப்புவது அவசரத்துக்குச் சரி, சாட்சிக்கு உதவாது. பெட்டி தரும் மூல வடிவத்திலேயே பென்டிரைவில் எடுத்து, அதை ஓட்டும் மென்பொருளையும் உடன் வையுங்கள்.

பிரதி எடுக்கும்போது பெட்டியின் நேரத்தையும் உங்கள் மொபைலின் நேரத்தையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் நான்கு நிமிடம் வித்தியாசப்பட்டால் அதைச் சொல்லிவிடலாம், மறைத்தால்தான் சிக்கல்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதில், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் கேட்கப்படும். எந்தப் பெட்டி, எந்தச் சாதனத்திலிருந்து எடுத்தது, யார் பொறுப்பில் இருந்தது என்று எழுதக் கேட்பார்கள். வாங்கிய ரசீதையும் பெட்டியின் தொடர் எண்ணையும் அப்போது தேடக்கூடாது. அலமாரிக் கதவின் உட்பக்கத்தில், 1-ஆம் படியில் எழுதிய தாளோடு சேர்த்து இன்றைக்கே ஒட்டி வையுங்கள்.